பண்ணைக்குட்டையில் மீன் குஞ்சு விடும் நாள்

(ஸ்ரீரங்கம் வட்டார உழவர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் உழவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல், வாழை, கரும்பு என்று பேச வேண்டிய உழவியல் விரிவுரையாளர் மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயந்தான். ஆனால் வயலோரத்தில் பண்ணைக்குட்டை வெட்டுவது நம் பகுதியில் பெருகி வருகிறது. வெட்டிய குட்டையில் ஏழெட்டு மாதம் தண்ணீர் நின்றால், நாலு மீன் விட்டுப் பார்ப்போமே என்ற ஆசை எவருக்கும் வரும். அப்படி விடும் குஞ்சுகள் முதல் நாளிலேயே செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் காரணம் நோயன்று. தண்ணீரும், அந்தத் தண்ணீர் நிற்கும் மண்ணுந்தான். மண், தண்ணீர் என்று வந்துவிட்டால் அது என் துறைக்குள் வந்துவிடுகிறது.

"நல்ல குஞ்சாகப் பார்த்துத்தான் வாங்கினேன். துள்ளிக்கொண்டிருந்தது. சாயங்காலம் குட்டையில் விட்டேன். விடிந்து பார்த்தால் பாதிக்கு மேல் மிதக்கிறது. குஞ்சு கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார்." இந்தப் புகாரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கொடுத்தவர் சில நேரம் குற்றவாளியாக இருக்கலாம். ஆனால் பையிலே துள்ளிய குஞ்சு குட்டையிலே சாகிறது என்றால், பைக்கும் குட்டைக்கும் நடுவில் என்ன நடந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நாற்றைப் பிடுங்கி நட்டால் அது பச்சை பிடிக்க ஒரு வாரமாவது ஆகிறது. திசு வளர்ப்பு வாழைக் கன்றை ஆய்வுக்கூடக் குப்பியிலிருந்து எடுத்து நேரே வெயிலில் யாரும் நடுவதில்லை. நிழல்வலைக் குடிலில் பல வாரம் வைத்துப் பழக்கிய பிறகே வயலுக்கு வருகிறது. வேருள்ள பயிருக்கே இத்தனை பக்குவம் பார்க்கும் நாம், செவுளால் மூச்சு விடும் குஞ்சைப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறோம்.

முன்காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆற்றில் பிடித்த குஞ்சை அருகிலிருந்த குளத்தில் விட்டார்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் குளத்தில் தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில், ஹீராலால் சௌத்ரி, அலிக்குஞ்ஞி ஆகிய விஞ்ஞானிகள் ஊசி மருந்து செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதன் பிறகு குஞ்சு உற்பத்தி பண்ணைகளுக்கு வந்தது. நன்மைதான். ஆனால் குஞ்சு ஓரிடத்துத் தண்ணீரில் பிறந்து, பிராணவாயு நிரப்பிய பாலித்தீன் பையில் பல மணி நேரம் பயணம் செய்து, வேறொரு குணமுள்ள தண்ணீருக்குள் இறங்க வேண்டியதாயிற்று.

பைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி பிராணவாயு. குஞ்சுகள் மூச்சு விட விடக் கரியமில வாயு தண்ணீரில் சேர்கிறது. அதனால் தண்ணீர் சற்றே அமிலமாகிறது. கழிவிலிருந்து அம்மோனியாவும் சேர்கிறது. ஆனால் தண்ணீர் அமிலப் பக்கம் இருக்கும்வரை அந்த அம்மோனியா அதிகக் கெடுதல் செய்வதில்லை. கார அமில நிலை, அதாவது பி.எச்., 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. நம் ஊர் வெப்பத்தில் அது 8 ஆகும்போது 6 அல்லது 7 பங்கு நச்சாகிறது. 9 ஆகிவிட்டால் சுமார் 40 பங்கு!

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். ஸ்ரீரங்கம் தீவிலும், உய்யக்கொண்டான், கட்டளை மேட்டு வாய்க்கால் பாசனம் நன்றாகக் கிடைக்கும் இடங்களிலும் காவிரி நீர் மென்மையானது. அங்கே குட்டை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லப்போகும் எச்சரிக்கையில் பாதிதான் பொருந்தும். ஆனால் மாவட்டத்தின் பல பகுதிகளில் களர் நிலம் இருப்பது நீங்கள் அறிந்ததே. திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்கள் களர் நிலத்தைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. களர் மண்ணின் பி.எச். 8.5க்கு மேல். அந்த மண்ணில் குட்டை வெட்டி, சோடியம் கார்பனேட் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையும் நிரப்பினால் குட்டை நீரின் பி.எச். 9ஐத் தொடுவது எளிது. பாசி பிடித்துப் பச்சையாக இருந்தால், பிற்பகலில் அதற்கும் மேலே போகும்; ஏனென்றால் வெயிலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுகிறது. பி.எச். ஒன்று கூடினால் காரம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். பை நீர் 7, குட்டை நீர் 9 என்றால் குஞ்சுக்கு நூறு மடங்கு மாற்றம். கூடவே, பையில் அதுவரை சும்மா கிடந்த அம்மோனியாவும் நஞ்சாக மாறுகிறது. சாயங்காலம் குட்டையில் கொட்டிய குஞ்சு விடியற்காலையில் மிதப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மீன் வளர்ப்புக் கைப்பிரதிகளில் முதல் வரியிலேயே "சுண்ணாம்பு இடுக" என்றிருக்கும். அது அமில மண்ணுக்கும் நடுநிலை மண்ணுக்கும் சொன்னது. களர் நிலத்துக் குட்டையில் சுண்ணாம்பு இட்டால், ஏற்கெனவே கூடுதலாக இருக்கும் காரம் மேலும் ஏறும். சுட்ட சுண்ணாம்பானால் இன்னும் மோசம். களர் குட்டைக்கு வேண்டியது ஜிப்சம். அதையும் மண், நீர் பரிசோதனை முடிவைப் பார்த்து, சொல்லும் அளவுக்கு இடுங்கள். தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கிவிட்டு நீர் கட்டுவதும் காரத்தைத் தணிக்கும். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்களில் முறைத் தண்ணீரில் ஒரு பங்கைக் குட்டைக்கு விட முடிந்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது. நகரைத் தாண்டி வரும் உய்யக்கொண்டான் நீரில் சாக்கடையும் கலக்கிறது. அதைப் பார்த்து விடுங்கள்.

குட்டை பழுக்க வேண்டும் என்பது அடுத்த விஷயம். இன்று தண்ணீர் நிரப்பி நாளைக்குக் குஞ்சு விடக்கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு மிகக் குறைவு. குழாய் நீரைக் கல்லின் மேல் விழச் செய்து சிதறவிட்டால் காற்றுப் படும். 10 சென்ட் குட்டைக்கு 80 முதல் 100 கிலோ மக்கிய சாணம் இட்டு, இரண்டு வாரம் காத்திருங்கள். பிறகு கையை முழங்கைவரை நேராகத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். முழங்கை நனையும் ஆழத்தில் உள்ளங்கை மங்கி மறைந்தால் குட்டை தயார். நன்றாகத் தெரிந்தால் இன்னும் பழுக்கவில்லை. மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே மறைந்தால் பாசி அளவுக்கு மீறிவிட்டது. இரவில் அந்தப் பாசியே பிராணவாயுவைக் குடித்துவிடும். தார்ப்பாய் விரித்த குட்டைக்காரர்கள் அடியில் கொஞ்சம் வண்டல் பரப்பினால் பழுப்பது விரைவாகும்.

பழைய குட்டையானால் விராலும் கெளுத்தியும் முன்பே குடியிருக்கும். அவற்றுக்கு நம் குஞ்சு ஒரு வேளைச் சாப்பாடு. குட்டையை வற்றவிட்டு வெடிக்கும்வரை காயவிடுவது செலவில்லாத வழி. வற்றாத குட்டையில் இலுப்பைப் புண்ணாக்கு இடலாம். ஒரு மீட்டர் ஆழமுள்ள 10 சென்ட் குட்டைக்கு 100 கிலோ வேண்டும். அதன் நஞ்சு தணிய மூன்று வாரம் விட வேண்டும். பிறகு அதுவே எருவாகிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும், மொத்தக் குஞ்சையும் வாங்கிவர அவசரப்படாதீர்கள். நைலான் கொசுவலையை நாலு குச்சியில் தொட்டிபோலக் கட்டிக் குட்டைக்குள் நிறுத்துங்கள். பக்கத்தில் யாரிடமாவது பத்துப் பதினைந்து குஞ்சு வாங்கி அதில் ஒரு பகல், ஓர் இரவு விட்டுவையுங்கள். மறுநாள் அவை நன்றாயிருந்தால் பணம் கொடுத்து மற்றவற்றை வாங்குங்கள். செத்தால் பத்துக் குஞ்சோடு நட்டம் நின்றது. என்னைக் கேட்டால், எந்தக் கருவியைவிடவும் இந்த வலைத்தொட்டியைத்தான் நம்புவேன்.

இனி குஞ்சு விடும் நாள். நேரம் காலை 7 முதல் 9 மணிக்குள். "குளிர்ச்சியான நேரம்" என்று பொதுவாகச் சொல்வதில் மாலையும் அடங்கும். களர் குட்டைக்கு மாலை ஆகாது, காரம் உச்சத்தில் இருக்கும். விடியலுக்கு முன்பும் வேண்டாம். அப்போது பிராணவாயு மிகக் குறைவு. வெயில் ஏறத் தொடங்கியதும் விடுவதுதான் பொருத்தம்.

பையைத் திறக்காமல் குட்டையில் நிழலான ஓரத்தில் 15 அல்லது 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். இது வெப்பத்தைச் சமப்படுத்த. வெயிலில் மிதக்கவிட்டால் மூடிய பை அடுப்பில் வைத்த பானை மாதிரி சூடேறிவிடும். பிறகு பையைத் திறங்கள். திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறத் தொடங்கும். அதோடு பை நீரின் காரமும் ஏறத் தொடங்கும். ஆகவே திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது. பை நீரில் கால் பங்கை வெளியே இறைத்துவிட்டு, அந்த அளவு குட்டை நீரைச் சேருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. இப்படி நாலைந்து முறை. இறைக்காமல் சேர்த்துக்கொண்டே போனால் அழுக்கும் உள்ளேயே நின்று நஞ்சாகும். இறைத்துவிட்டுச் சேர்ப்பதில்தான் சூட்சுமம். இறைத்த நீரைக் குட்டையில் ஊற்றாமல் கரையில் ஊற்றுங்கள். இரண்டு நீருக்கும் பி.எச். வித்தியாசம் ஒன்றுக்கு மேல் என்றால், அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் குஞ்சுகளை மாற்றி, மின்கலத்தில் ஓடும் காற்றூட்டியைப் போட்டு, இதே வேலையை ஒரு மணி நேரம் நிதானமாகச் செய்ய வேண்டும். பி.எச். தாள் மலிவானதுதான், ஒரு கட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

இதே முறையை இன்னும் கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் உண்டு. கடல் இல்லாத ஊர்களிலும் சிலர் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் கலந்து கடல் சாமந்தி வளர்க்கிறார்கள். பெயர்தான் சாமந்தி, அது பூவன்று, பிராணி. மன்னார் வளைகுடாவில் இது உண்டு. கோமாளி மீன் இதன் கொட்டும் உணர்கொம்புகளுக்கு நடுவில்தான் குடியிருக்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது சட்டென்று மாறினால் சாமந்தி சுருங்கிவிடும். அதனால் விவரமறிந்தவர்கள் புதுத் தொட்டியில் அதை விடுவதே இல்லை. தொட்டி பழுக்கப் பல மாதம் காத்திருக்கிறார்கள். விடும் நாளில் அதை வாளியில் வைத்து, தொட்டி நீரை மெல்லிய குழாய் வழியே, நம் சொட்டுநீர்ப் பாசனம் போல, ஒரு மணி நேரம் சொட்டவிடுகிறார்கள். தொட்டிக்குள் போன பிறகும் அது உடனே நிலைகொள்வதில்லை. அடிப்பாதத்தால் பாறையைப் பற்றும். வெளிச்சமோ நீரோட்டமோ ஒத்துவராவிட்டால் ஊர்ந்து வேறிடம் தேடும். அதுவரை யாரும் அதைத் தொடுவதில்லை. நீரேற்றிக்குள் இழுபட்டு நறுங்கிவிடாமல் அதன் வாயை மட்டும் வலையிட்டு மூடுவார்கள். ஒற்றைச் சாமந்திக்கு அந்த ஒரு மணி நேரச் சொட்டு சரி. நெரிசலாகப் பயணம் செய்து வந்த நூற்றுக்கணக்கான கெண்டைக் குஞ்சுகளை அதே அழுக்கு நீரில் வைத்துக்கொண்டு அப்படிச் செய்தால் ஆபத்து. அதற்குத்தான் இறைத்து ஊற்றச் சொன்னேன்.

கடைசியில் பையின் வாயைக் குட்டை நீருக்குள் சாய்த்துப் பிடியுங்கள். தெம்புள்ள குஞ்சு தானாக நீந்தி வெளியேறும். பையிலேயே தங்கி மல்லாந்து கிடப்பவற்றைக் கணக்கெடுத்துக் குழியில் புதைத்துவிடுங்கள். அந்தக் கணக்கு பிறகு தீவனத்துக்கு உதவும்.

எத்தனை விடுவது? சென்ட்டுக்கு 40, ஏக்கருக்கு 4,000. மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீரில் மேயும் ரோகு, அடியில் மேயும் மிர்கால் மூன்றும் கலந்து விடுங்கள். நம் குட்டைகளுக்கு விரலளவு வளர்ந்த குஞ்சுதான் ஏற்றது. சிறு குஞ்சு மலிவு என்று வாங்கினால் தண்ணீர்ப் பாம்புக்கும் தவளைக்கும் கொடுத்ததுபோக மிச்சந்தான் உங்களுக்கு.

விட்ட அன்று தீவனம் போடாதீர்கள். மறுநாள் மாலையிலிருந்து தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு பிசைந்து, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள். 10 கிராம் எடையுள்ள 400 குஞ்சுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் போதும். மறுநாள் மிச்சம் கிடந்தால் குறைத்துவிடுங்கள். அழுகும் தீவனமும் அம்மோனியாதான். முதல் ஒரு வாரம் விடியற்காலையில் கரைக்குப் போய்ப் பாருங்கள். குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து காற்று வாங்கினால் பிராணவாயு குறைந்திருக்கிறது. மோட்டாரைப் போட்டுக் குட்டை நீரையே எடுத்து உயரத்திலிருந்து அதே குட்டையில் சிதறி விழச் செய்யுங்கள். அன்று தீவனமும் சாணமும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் மூடாப்பாக இருக்கும்போதும் இப்படி ஆகும்.

எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் மறுவாரமே வலை வீசுகிறவர்கள் உண்டு. ஒரு மாதம் பொறுங்கள். அதற்குமுன் வலையில் பட்டால் செதில் உதிர்ந்து புண்ணாகும், புண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். தீவனம் வைக்கும் இடத்தில் மாலையில் சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். நிலைகொண்ட குஞ்சுகள் கூட்டமாக அங்கே வருவது தெரியும்.