செல்வநாயகம் பொதுவாழ்வுக்கு வந்த வழி
(வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"முதலிலே பட்டம், பிறகு உத்தியோகம், பொதுச்சேவை அதற்குப் பிறகு" என்பது நம் வீடுகளில் நாமெல்லோரும் கேட்டு வளர்ந்த வார்த்தை. சென்ற விடுமுறையில் என் பெரியப்பா இதற்குச் சாட்சியாக அழைத்தவர் சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களை. "பாராளுமன்றம் போகேக்கை அவருக்கு 49 வயது, தெரியுமோ?" என்றார். கணக்குச் சரி. ஆனால் தேடிப் படித்தபோது சாட்சி முழுவதும் பெரியப்பாவின் பக்கம் நிற்கவில்லை.

செல்வநாயகம் 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவிற் பிறந்தவர். தகப்பனார் அங்கே தொழில் பார்க்க, சிறுபிள்ளையாகத் தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்தார். யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் சென். ஜோன்ஸ், கொழும்பு சென். தோமஸ் ஆகிய மூன்றும் கிறிஸ்தவக் கல்லூரிகள்; நானும் அத்தகையதொன்றிற் படித்தவனாகையால் சிறிது பெருமைப்படுகிறேன். 1918இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். ஆசிரியராயிருந்துகொண்டே சட்டம் படித்து அப்புக்காத்தானார். சிவில் வழக்குகளிலே நல்ல பெயர், குறைவில்லாத வருமானம். மேடையில் முழங்குபவரல்லர், மெலிந்த தேகம், தாழ்ந்த குரல். 1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பிற் காங்கேசன்துறைப் பிரதிநிதியானார்.

பெரியப்பாவின் கதை இவ்விடத்தில் முடிகிறது. எனக்கோ இங்கேதான் தொடங்குகிறது.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. காங்கேசன்துறையில் அவர்களுக்கு வாக்கு ஏது? பேசாதிருந்தால் செல்வநாயகத்துக்கு ஒரு நட்டமுமில்லை. அதே ஆண்டிற் கட்சித் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையிற் சேர்ந்தார். செல்வநாயகமும் கோப்பாய்ப் பிரதிநிதி கு. வன்னியசிங்கமும் உடன் செல்லவில்லை. அவ்விருவரும் டாக்டர் இ. மு. வி. நாகநாதனும் முன்னின்று 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினர். மலைநாட்டுப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வீடுகளில் அடுப்படி வேலைக்கு நின்ற காலத்திலே, அவர்களுடைய உரிமைக்காகத் தன் கட்சியையே விட்டு வந்தவரை ஊர் எப்படி நோக்கியிருக்கும்! (பெரியோர் மன்னிக்க வேண்டும்.)

1952 தேர்தலிற் சொந்தத் தொகுதியே அவரைத் தோற்கடித்தது. வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசபிள்ளை. பட்டமும் தொழிலும் வருமானமும் உள்ள மனிதர், வயது 54. வழக்குகளோடு இருந்துவிட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். அவர் 1956இல் மீண்டும் நின்று வென்றார். நாடற்றோர் பிரச்சினையோ, 1977இல் அவர் மறைந்த பின்னும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது.

இவற்றைப் பெரியப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "52இலே எங்கடை ஐயாவும் அவருக்குப் போடேல்லை" என்றார். அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் அதற்குமுன் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அவருடைய அனுமதியுடனேயே இங்கு சொல்கிறேன். அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.