பல்கலைக்கழகத்திற்கு விற்பவர் யார்?



போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் கூவி நடந்த காலத்தை உங்களில் பலர் அறிவீர்கள். 2007இல் அது கணினித் திரைக்கு மாறியது. பல்கலைக்கழகங்களின் கொள்முதலும் இன்று அவ்வழியே செல்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவை நாற்காலி, காகிதம், ஆய்வகக் கருவி முதலியவற்றை, 2016இல் தொடங்கிய ‘ஜெம்’ என்னும் அரசு மின்சந்தை வாயிலாக வாங்குகின்றன.

பல்கலைக்கழகம் என்றதும் நாம் பட்டத்தையே நினைக்கிறோம். அங்கே நாற்காலி விற்பவர் யார் என்று எண்ணுவதில்லை. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் நூற்றுக்கு 4 பங்கைத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் சிறுதொழில்களிடம் பெறவேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் ஆணை. அந்த நான்கும் நிறையாத ஆண்டுகளே மிகுதி. விற்க முன்வருவோர் குறைவு என்கிறார்கள். அது முழுதும் பொய்யென்று நான் கூறமாட்டேன்.

திரை விற்பவரின் தெருவைக் கேட்பதில்லை, பதிவைக் கேட்கிறது. ‘உத்யம்’ பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கைமுதல்? சிறுதொழில் செய்வோரின் சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 45 நாளைத் தாங்க நம்மில் எத்தனை பேரால் இயலும்? சங்கத்தின் கல்வி நிதியை ஒட்டி ஒரு சிறு சுழல்நிதி வேண்டுமென்று நான் கேட்பது இதற்காகவே. பதிவு செய்ய விரும்பும் இளைஞர்கள் ஆதார், பான் அட்டைகளுடன் ஞாயிறன்று மாலை வகுப்பிற்கு வருக, நான் உடனிருப்பேன்.