ஒரு துளி இரத்தம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



1923 ஆம் ஆண்டில் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடக்கிய பாடசாலையின் நூற்றாண்டில் பேசக் கிடைத்தது என் பேறு. 'சிறு செயல், பெரு விளைவு' என்று தலைப்புத் தந்தார்கள். நான் வைத்தியர், ஆகவே என் தொழிலில் உள்ள மிகச் சிறிய செயலொன்றை எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சல்காரரின் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுப்பதுதான் அது.

என் வயதினருக்கு மலேரியாக் குளிசையின் கசப்பு இன்னும் நாவில் இருக்கும். எமது பாட்டிமார் கண்டது அதைவிடக் கொடியது. 1934-35 இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகியது. அந்தக் கொள்ளைநோயில் இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டனர்.

பின்னர் டி.டி.ரி. தெளித்தார்கள், காய்ச்சல்காரரைத் தேடி இரத்தம் பார்த்தார்கள். 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. இனிப் பயமில்லை என்று மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969 முடிவதற்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது.

பதினேழு எப்படி இலட்சங்களாகும்? நுளம்பு கிருமியோடு பிறப்பதில்லை. நோயாளியைக் கடித்துத்தான் அதைப் பெறுகிறது. சில நாட்கள் கழித்து அடுத்தவருக்குக் கொடுக்கிறது. கண்டுபிடிக்கப்படாத ஒரு நோயாளி பல நுளம்புகளுக்குக் கிருமி கொடுப்பார். அவரது இரத்தத்தை உரிய நாளில் பார்த்து, முழு மருந்தையும் கொடுத்துவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மலேரியா மிகுந்திருந்தது. அந்த நிலையிலும் களப்பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று விரல் குத்தி இரத்தம் எடுத்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பின் சில ஆண்டுகளாக உள்நாட்டில் தொற்றிய நோயாளர் பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

ஆனால் நுளம்பு போய்விடவில்லை. ஆற்றுமணல் குட்டைகளின் தெளிந்த நீரில் வளரும் இனம் அது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் எமது மாவட்டத்தில் அத்தகைய குட்டைகளுக்குக் குறைவில்லை. கிருமி ஒன்றுதான் இல்லை. அது இப்போது வெளிநாடுகளிலிருந்து மனித உடலில் வந்து சேர்கிறது. 2018 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக இங்குள்ள இன்னொருவருக்கு மலேரியா தொற்றியது. உடனே கண்டறியப்பட்டதால் அது பரவவில்லை.

உலகெங்கும் வாழும் பழைய மாணவிகளே, இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தியாவின் சில பகுதிகளுக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் யாத்திரையாகவோ, தொழிலுக்காகவோ நம்மவர் போய்வருகிறார்கள். இலங்கையிலிருந்து அப்படிப் போகுமுன், மலேரியாத் தடை இயக்கத்தினரிடம் தடுப்புக் குளிசை இலவசமாகப் பெறலாம். மற்ற நாடுகளில் இருப்போர் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்குமுன்னரே, "நான் இன்ன நாட்டுக்குப் போய் வந்தேன், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள்" என்று சொல்லுங்கள். இன்று காய்ச்சல் என்றதும் எங்கள் மனம் முதலில் டெங்குவுக்கே போகிறது. இளம் வைத்தியர் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதேயில்லை. ஒருவகை மலேரியா சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடும். இன்னொரு வகை ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். ஆகவே பயணம் முடிந்து பல மாதமாகிவிட்டது என்று சொல்லாமல் விடாதீர்கள். காய்ச்சல் விட்டதும் மருந்தை இடையில் நிறுத்திவிடவும் வேண்டாம்.

சொல்வதற்கு ஒரு வசனம், கொடுப்பதற்கு ஒரு துளி இரத்தம். அது உங்கள் உயிரையும் காக்கும். கிண்ணியாவிலோ மூதூரிலோ கந்தளாயிலோ நீங்கள் என்றுமே காணாத ஒரு பிள்ளையையும் காக்கும். எமது ஊருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவிகளில் செலவில்லாத உதவி இதுதான்.