எஞ்சினை எழுப்பும் கலை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தைக் கடந்தவர்கள் யாவரும், சிறிது டீசல் மிச்சமாகுமே என்ற அற்ப ஆசைக்கு இடங்கொடுத்து, லாரியை நியூட்ரலில் இறங்கவிட்டு, பிரேக் பிடிக்காமல் போனதால் விளைந்த விபத்துகளின் துயரக் கதைகளைக் கேட்டேயிருப்பார்கள். அதே சாலையில் தெற்கே சென்று ஓமலூரை நெருங்கினால், காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கென விமான நிலைய ஆணையம் 2022-ல் தேர்ந்தெடுத்த ஊர்களில் சேலமும் ஒன்று. பாரமேற்றிய லாரிகள் முனகியேறும் இந்த மலைப்பாதைக்கு அருகிலேயே, பதினாறு வயது நிரம்பிய ஒரு பையனோ பெண்ணோ மாணவர் உரிமம் பெற்று ஆகாயத்தில் ஏறக் கற்றுக்கொள்ளலாம் என்பது நம் பகுதிக்குப் புதிய பாக்கியம். அந்தக் கல்வியில், சக்கரம் ஓர் அங்குலங்கூட உருளாத முதற்கட்டத்தை, அதாவது எஞ்சினை இயக்கும் அந்தச் சில நிமிஷங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

உலகமெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் மிகுதியாகக் காணப்படும் செஸ்னா 172 என்ற நான்கு ஆசன விமானத்தையே எடுத்துக்கொள்வோம். ஆசனத்தில் அமர்வதற்கு முன்பே மாணவருக்கு வேலை காத்திருக்கிறது. இறக்கையின் அடியிலுள்ள சிறு வடிகுழாயை அழுத்தி, கண்ணாடி போன்ற ஒரு குவளையில் சிறிது பெட்ரோலைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோலுக்கு இளநீல வர்ணம் ஊட்டியிருப்பார்கள். மழையிலோ, பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரிலோ சேர்ந்த தண்ணீர், பெட்ரோலைவிடக் கனமானதாகையால், குவளையின் அடியில் தனியே உருண்டு நிற்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குவளை முழுவதுமே தண்ணீராக இருந்துவிட்டால், அடியில் பிரிகோடு எதுவும் தென்படாது. தெளிவாக இருக்கிறதே என்று மனம் திருப்தியடைந்துவிடும். ஆகவேதான் தெளிவை மட்டும் பாராமல் வர்ணத்தையும் பார், முகர்ந்தும் பார் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். அதன்பின் எண்ணெய் அளவைக் கம்பியை இழுத்துப் பார்த்து, நம் மலைச்சாலையில் நின்றுபோன லாரிக்குக் கிளீனர் முட்டுக் கொடுக்கிறாரே, அதைப் போலவே விமானச் சக்கரத்துக்கும் கொடுத்திருக்கும் கட்டையை அகற்றிவிட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும்.

உள்ளே அமர்ந்ததும் செக்லிஸ்ட் என்னும் அட்டை மடியில் வந்துவிடுகிறது. எத்தனை முறை மனப்பாடமாகியிருந்தாலும் அதை வரிவரியாகப் படித்தே செய்ய வேண்டும் என்ற விதியைப் பல மாணவர்கள் முதலில் சிறுபிள்ளைத்தனமாக எண்ணுவதுண்டு. ஆயினும் ஞாபகம் என்பது அவசரத்துக்கும் களைப்புக்கும் வசப்படக்கூடியது; அட்டையோ எவருக்கும் வசப்படுவதில்லை. பிரேக்கை அழுத்தி, மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, வால்மீதுள்ள சிவப்பு விளக்கை மினுக்கவிட்டால், எஞ்சின் எழப்போகிறது என்று வெளியில் நிற்பவர்களுக்கு அறிவித்ததாகிறது.

அந்த அறிவிப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். விமானத்தின் மூக்கில் இருக்கும் புரொப்பெல்லர் ஆறடிக்கும் சற்று அதிகமான நீளமுடைய உலோகத் தகடு. அது வேகமாகச் சுழலத் தொடங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. வெறும் வெளிபோலத் தோன்றும். அதைவிட மோசமான ரகசியம் ஒன்று உண்டு. கார் எஞ்சினுக்குப் பற்றவைக்கும் பொறி பாட்டரியிலிருந்து கிடைக்கிறது. விமான எஞ்சினிலோ மேக்னெட்டோ என்ற இரு கருவிகள் தாமே சுழன்று தாமே மின்சாரம் பிறப்பித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள இரண்டு பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கின்றன. ஆகாயத்தில் பாட்டரி செத்தாலும் எஞ்சின் சாகக்கூடாதென்ற தூரதிருஷ்டியால் அமைந்த ஏற்பாடு அது. ஆனால் தரையில் அதே ஏற்பாடு வேறு முகம் காட்டுகிறது. மேக்னெட்டோவை அடக்கிவைக்கும் மெல்லிய கம்பி எங்கேனும் அறுந்திருந்தால், சாவியே இல்லாத விமானத்தின் புரொப்பெல்லரைக் கையால் சற்று அசைத்தாலும் எஞ்சின் சீறி எழக்கூடும். இதை உணர்ந்தவர்கள், நிற்கின்ற புரொப்பெல்லரையும் சுழல்கின்ற புரொப்பெல்லரைப் போலவே மதித்து விலகி நடக்கிறார்கள்.

1930-ஆம் ஆண்டுவாக்கில் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் பிளையிங் கிளப் முதலிய பழைய சங்கங்களில் பறந்த மாத், டைகர் மாத் விமானங்களுக்கு எஞ்சினை எழுப்பும் மின்கருவி கிடையாது. மெக்கானிக் ஒருவர் முன்னே நின்று புரொப்பெல்லரைக் கையால் வீசிவிட வேண்டும். ஆகவே இருவருக்கும் இடையே ஒரு சம்பாஷணை அவசியமாயிற்று. ‘சுவிட்ச் ஆஃப்’ என்று வெளியிலிருப்பவர் கூவ, உள்ளிருப்பவர் அதையே திருப்பிச் சொல்ல, ‘காண்டாக்ட்’ என்ற சொல்லும் அவ்வாறே இருபுறமும் ஒலித்த பிறகுதான் வீச்சு நடக்கும். இன்று மின்சார ஸ்டார்ட்டர் வந்துவிட்டதால் அந்த இரண்டாவது மனிதருக்கு வேலையில்லை. ஆனால் வெளியே யாரும் இல்லையென்று தோன்றும்போதும், ஜன்னலைத் திறந்து ‘கிளியர் ப்ராப்’ என்று உரக்கக் கூவ வேண்டும் என்ற வழக்கம் மட்டும் நிலைத்திருக்கிறது. கூவிய மாத்திரத்தில் சாவியைத் திருப்புகிற மாணவரைக் காணும்போது எனக்கு மனம் பதைக்கிறது. காதில் விழுந்தவர் விலகுவதற்கு அவகாசம் வேண்டாமா? கூவிவிட்டு, இடமும் வலமும் முன்னும் பார்த்து, ஒரு மூச்சு நிதானித்து, அதன் பின்னரே திருப்புவதுதான் முறை. தன் கையிலிருக்கும் சக்தியால் பிறருக்கு என்ன நேருமென்று எண்ணிப் பார்ப்பதை இந்த ஒரு மூச்சைப்போல் கற்றுக்கொடுக்கும் பாடம் வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இனிச் சாவியைத் திருப்பலாம். இப்போதைய செஸ்னா 172-ல் இருப்பது, கிட்டத்தட்ட ஆறு லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டரும் கொண்ட லைகாமிங் எஞ்சின்; நிமிஷத்துக்கு 2,700 சுற்றில் 180 குதிரைச் சக்தி தருவது. குளிர்ந்த எஞ்சினானால், மின்பம்பை ஓடவிட்டு, பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் என்ற சிவப்புக் குமிழைச் சில விநாடிகள் உள்ளே தள்ளி, சிலிண்டர்களுக்குச் சிறிது பெட்ரோல் காட்டி, மறுபடியும் குமிழை முழுவதும் வெளியே இழுத்துவிட வேண்டும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் கால் அங்குலம் மட்டும் திறந்துவைத்து, இடக்கை சாவியைத் திருப்ப, எஞ்சின் முதல் முறை இருமிப் பற்றிக்கொள்ளும் கணத்தில் வலக்கை அந்தச் சிவப்புக் குமிழைத் தடையின்றி முன்னே தள்ள வேண்டும். முந்தினால் பெட்ரோல் மிகுந்து மூழ்கும். பிந்தினால் பெட்ரோலின்றி அணைந்துவிடும். சித்திரை வெயிலில், சற்றுமுன் பறந்து இறங்கிய எஞ்சினை மீண்டும் எழுப்புவது இன்னும் நுட்பமான காரியம். சூடேறிய சிலிண்டர்களின் மேலே ஓடும் மெல்லிய குழாய்களில் பெட்ரோலே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். அப்போது ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் ஓடவிடாமல், இருபது விநாடி ஓய்வு கொடுத்து, பொறுமையோடு முயல வேண்டும். கோபத்தோடு சாவியை முறுக்குபவருக்கு எரிந்த ஸ்டார்ட்டர்தான் கிடைக்கும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 1,000 சுற்றில் நிலைக்கவிட்டு, கண்ணை எண்ணெய் அழுத்தமானியின் மீது வைக்க வேண்டும். முப்பது விநாடிக்குள் முள் பச்சைப் பகுதியை நோக்கி எழாவிட்டால், வேறு எதையும் ஆராயாமல் எஞ்சினை உடனே நிறுத்திவிடுவதே விதி. ஆனால் பயிற்சிக் கட்டணம் மணிக்கணக்கில் எண்ணப்படுவது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். நிலத்தை அடகுவைத்துப் பணம் அனுப்பிய தகப்பனார் ஊரில் காத்திருக்கக்கூடும். அந்த நிலையில் முள் எழாததைக் கண்ட பிறகும் ‘இன்றைக்கு மட்டும்’ என்று ஆசை தூண்டத்தான் செய்யும். எஞ்சினை அணைத்துவிட்டு, குறையை ஏட்டில் எழுதி, மெக்கானிக்கை அழைத்துவிட்டு இறங்கி நடந்துவரும் மாணவரைச் சக மாணவர்கள் பரிகசிக்கலாகாது என்று பள்ளிகளை நான் மிகுந்த அக்கறையோடு வேண்டிக்கொள்கிறேன். மேலே போன பின்பு இறங்கி நடக்க வழியில்லை. அவ்வாறு நடக்கும் உரிமை தரையில் மட்டுமே உண்டு.

பறந்து திரும்பியபின் நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைப்பதில்லை. சிவப்புக் குமிழை வெளியே இழுத்து, சிலிண்டரில் சொட்டுப் பெட்ரோலும் எஞ்சாமல் எரிந்து தீரவிட்டே எஞ்சினை ஓயவைக்கிறார்கள். அதன்பிறகு மேக்னெட்டோ, மாஸ்டர் இரண்டையும் அணைத்து, சாவியை உருவி, வெளியிலிருந்து வருபவர் எவரும் காணும்படி முன்கண்ணாடியின் கீழே வைத்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க இறங்குகிறார்கள்.