விருப்பத்தெரிவில் எதை முதலில் எழுதுவது?

உச்சமுனையிலிருந்து படகேறி கற்பிட்டிக்கு வந்து உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று ஒரு தகவல்.

பல் மருத்துவம் படிக்க நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்தது ஒரே இடம். 1943இல் கொழும்பில் தொடங்கிய அந்தக் கல்வி, 1954இல் பேராதனைக்குப் போனது. அண்மையில்தான் ஸ்ரீ ஜயவர்தனபுரவும் சேர்ந்துகொண்டது. ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்பத்தெரிவில் எதை முதலில் எழுதுவது என்பது இப்போது உண்மையான கேள்வி. இசட் புள்ளி இடம் கொடுத்தால், நீங்கள் எழுதிய வரிசைப்படியே அனுமதி வரும். கல்வியில் பின்தங்கியவை என ஒதுக்கீடு பெறும் 16 மாவட்டங்களில் நம் புத்தளமும் ஒன்று, அதை மறக்காதீர்கள்.

ஊர்ப்பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பல் மருத்துவம் கைத்திறன் வேண்டிய தொழில். முதலில் பொம்மைத் தலையில் பொருத்திய செயற்கைப் பல்லைக் குடைந்து, அடைத்துப் பழக வேண்டும், பிறகுதான் நோயாளி. எந்தப் பீடத்தில் நோயாளிகள் நிறைய வருகிறார்கள் என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். என் மனம் பேராதனைப் பக்கமே சாய்கிறது. அங்கே போதனா வைத்தியசாலை கூடவே இருக்கிறது; வாய்ப்புற்றுநோய் ஆய்விலும் நீண்ட அனுபவம் உண்டு. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் நம் கடற்கரைக்கு, அந்த நோய்க்கு முன்னறிகுறியாக வாயில் தோன்றும் வெண்படலத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அவசரமாகத் தேவை.