கணக்கில் வராத உழைப்பு

ஒரு நாட்டின் செல்வம் யாது என்று வினவினால், நிலம், நீர், கனிப்பொருள் என மாணவர்கள் விடை கூறுவர். இவற்றையெல்லாம் பயன்படச் செய்வது மனித உழைப்பு. ஆகவே உழைப்பே தலையாய செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயின், இச்செல்வத்தை அளந்தறிதல் எளிதன்று. ஆலையில் பணிபுரிவோர்க்கு வருகைப் பதிவேடு உண்டு. சம்பளப் பட்டியல் உண்டு. கூடை சுமந்து கீரை விற்கும் மூதாட்டிக்கும், சாலையோரத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளிக்கும், அறுவடைக் காலத்தில் மட்டும் கூலி பெறும் உழவருக்கும் எப்பதிவேடும் இல்லை. இவ்வாறு ஏட்டில் ஏறாமலும், தொழிற் சட்டங்களின் காவல் முழுமையாகக் கிட்டாமலும் நடைபெறும் உழைப்பை முறைசாரா உழைப்பு என்பர்.

உழைப்பு பழையது, பெயர் புதியது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவில், நிமா என்னும் ஏழை மக்கள் வாழும் பகுதியில் 1960களில் ஆராய்ச்சி நிகழ்த்தினார் கீத் ஹார்ட் என்னும் மானிடவியல் அறிஞர். வேலையற்றோர் என்று பிறர் எண்ணிய மக்கள் அங்கே சிறு வாணிகமும் கைத்தொழிலும் செய்து இடையறாது உழைப்பதை அவர் கண்டார். 1971இல் ஒரு மாநாட்டில் இதனை எடுத்துரைத்தார். 1973இல் அக்கட்டுரை அச்சேறியது. இதற்கிடையே, 1972இல் கென்யா நாட்டைப் பற்றிப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட அறிக்கையும் இக்கருத்தை உலகறியச் செய்தது. வேலையின்மை மட்டுமே துன்பமன்று. நாள் முழுவதும் உழைத்தும் வறுமை நீங்காமை அதனினும் பரந்த துன்பம் என்பது அதனால் தெளிவாயிற்று.

இனி, இவ்வுழைப்பை எண்ணுவது எங்ஙனம்? உழைப்புப் புள்ளியியலாரின் பன்னாட்டு மாநாடு 1993இல் இதற்கோர் இலக்கணம் வகுத்தது. அது தொழிலகத்தின் தன்மையை அடிப்படையாகக் கொண்டது. பெரிய ஆலைக்குள்ளேயே ஒப்பந்தமோ விடுப்போ இன்றி உழைப்பவர் அதற்குப் புறம்பாயினர். ஆகவே, தொழிலகத்தை மட்டுமன்றி வேலையின் தன்மையையும் நோக்க வேண்டும் என 2003இல் வழிகாட்டப் பெற்றது. இம்முறையில் கணக்கிட்டபோது, உலகில் ஏறத்தாழ 200 கோடிப் பேர், அதாவது உழைப்போருள் நூற்றுக்கு 60 பேருக்கு மேற்பட்டோர், முறைசாரா உழைப்பாளர் என 2018இல் அவ்வமைப்பு அறிவித்தது. நம் நாட்டில் அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம் 2004-05ஆம் ஆண்டுக்குக் கண்ட கணக்கோ, நூற்றுக்கு 92 பேர் என்பது.

எண்ணிக்கை என்பது தானே விளைவதன்று. வினவும் வினாவிலிருந்து பிறப்பது. இதற்கு நம் மக்கள்தொகைக் கணக்கே சான்று. 1961இல், பருவத்தின் பெரும்பகுதியில் நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஒழுங்காக உழைத்தவரும் உழைப்பாளராகக் கொள்ளப்பட்டனர். அக்கணக்கின்படி பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் உழைப்பாளர். 1971இல், முதன்மையான செயல் யாது என்று முதலில் வினவினர். வீட்டுப் பணி என்ற விடையே பெரும்பாலும் வந்தது. பெண் உழைப்பாளரின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் பாதிப் பெண்கள் நாற்று நடுவதையும் களை பறிப்பதையும் விட்டுவிட்டனரா? இல்லை. பெரிதும் மாறியது வினாவே. 1991இல்தான், குடும்ப நிலத்திலும் தொழிலிலும் ஊதியமின்றி உழைப்பதும் வேலையே என்னும் விளக்கம் வினாவிலேயே சேர்க்கப்பட்டது.

திருநெல்வேலிச் சீமையில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களை எண்ணிப் பாருங்கள். இலையும் தூளும் பெற்று வந்து, சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவே சுற்றிக் கொடுத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றனர். கணக்கெடுப்பவர் குடும்பத் தலைவரை வினவினால், "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று அவர் சொல்லிவிடக்கூடும். அவர் பொய்யுரைக்கவில்லை, கைப்பழக்கமாகிவிட்ட உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்பெண்ணையே அணுகி, "நேற்று விடிந்தது முதல் உறங்கும் வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று வினவினால் உண்மை வெளிப்படும். இந்நெறியில் அமைந்ததே காலப் பயன்பாட்டு ஆய்வு. 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலும், 2019இல் நாடு முழுவதிலும் அது நடைபெற்றது.

காலமும் கணக்கை மாற்றும். நடவு நாளில் வேலையுடையவர் கோடையில் வேலையற்றவர். ஆதலால் தாந்த்வாலா தலைமையிலான வல்லுநர் குழு 1970இல் ஒற்றை எண்ணை நம்பலாகாது என அறிவுறுத்தியது. அதன் பின்னர் 1972-73 முதல் தேசிய மாதிரி ஆய்வினர், ஆண்டு முழுவதற்கும் ஒன்று, வாரத்திற்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என மூவகையாக அளக்கலாயினர்.

எண் சற்றுப் பிழைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளர் என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. ஆயினும், ஏட்டில் பெயரில்லாதவர் அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவது எங்ஙனம்? எண்ணப்படாதவருக்குத் திட்டத்தில் பங்கில்லை, முதுமையில் துணையில்லை, விபத்துற்றால் ஈடில்லை. கணக்கில் நேரும் பிழை இறுதியில் ஓர் ஏழையின் உலையில் வந்து விழுகிறது.

மாணவர்களே, புள்ளிவிவரத்தைக் காணும்போதெல்லாம், யாரை வினவினர், எவ்வாறு வினவினர், யார் விடுபட்டனர் என்னும் மூன்றையும் கேளுங்கள். இன்னும் ஒரு பயிற்சி உண்டு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்கள் அன்னையார் எழுந்தது முதல் உறங்கச் செல்லும் வரை செய்யும் பணிகளை மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். பொருளியலில் நீங்கள் கற்கும் முதற்பாடம் அத்தாளே ஆகட்டும்.