பெயரில்லாக் கைவினை



1990இல் மின்சாரம் நின்று பொருளாதாரத் தடையும் வந்தபின், மருதனார்மடம் உட்பட யாழ்ப்பாணமெங்கும் ஜாம் போத்தல் விளக்குகள் எரிந்தன. அடியில் பஞ்சு, அது குடித்த சிறிதளவு மண்ணெண்ணெய், மெல்லிய திரி. போத்தலே காற்றுக்கு மறைப்பு. அவ்வொளியில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். வானொலிக்கு பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவின் தயவில் செய்தி கேட்டது.

இவற்றை முதலில் செய்தவர் யார்? நாட்டார் பாடலை ஆக்கியவர் யார் என்பது போன்றதே இக்கேள்வி. இரண்டும் பலர் கைபட்டுத் திருந்தியவை. பாடல்களைத் தேடித் தொகுத்தோம்; மின்சாரம் வந்ததும் விளக்குகளை எறிந்துவிட்டோம்.

செய்தறிந்த கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. ஒவ்வொரு பாடசாலையும் அவர்களைக்கொண்டு ஒரு விளக்கையேனும் செய்வித்து, செய்முறையை எழுதி வைக்கட்டும்.